இரத்தம் எங்கே போகிறது?



"உதிரப்போக்கு பதினைந்து நாளையும் தாண்டிவிட்டது, தொழலாமா?" பெண்கள் நம்மிடம் ஆள்விட்டுக் கேட்கும் கேள்விகளில் இது முக்கியமானது. ஷாபிஈ மத்ஹபில் ஹைளின் உச்ச அளவு 15 நாட்கள். அதைத் தாண்டினால் இஸ்திஹாளாவின் சட்டங்கள் வருகின்றன; சுத்தம் செய்து, ஒவ்வொரு பர்ளுக்கும் வுளூச் செய்து தொழ வேண்டும். ஆனால் இது மௌலவியிடம் மட்டும் கேட்டு முடிக்கும் விஷயமல்ல. டாக்டரிடமும் கேட்க வேண்டும்.

பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்கள் இதைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டதாக புகாரியில் வருகிறது. நம் வீடுகளிலோ கணவனிடம்கூடச் சொல்வதில்லை!

பதுளை, பசறை, வெலிமடைப் பக்கம் தோட்டத்திலும் டவுனிலும் வெளிறிய முகத்தோடு, மேடு ஏறினால் மூச்சு வாங்கும் பெண்கள் எத்தனை பேர்! ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால், கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தால், அது இரத்தசோகை. கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை தருவார்கள். அதை விடாமல் குடியுங்கள். சோற்றோடு பிளேன்டீ குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது பொறுங்கள். (தேயிலை நாட்டில் இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?) இவ்வளவு செய்தும் மாதா மாதம் கட்டிகட்டியாக இரத்தம் போனால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டும்.

அதற்கு உதவுவதுதான் ஸ்கேன். அது பிள்ளை பார்க்க மட்டும் என்று நினைக்காதீர்கள். 1958இல் கிளாஸ்கோ நகரின் டாக்டர் இயன் டொனால்ட் இந்த முறையைப் பற்றி எழுதியபோது, தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சூலகத்து நீர்க்கட்டிதான் என்று ஸ்கேனில் கண்டு, அதை அகற்றியதையும் சொன்னார். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா, உட்சவ்வு தடித்திருக்கிறதா என்பது இதில் தெரியும். மண்ணீரல் வீங்கியிருந்தாலும் தெரியும். பதுளை மாவட்டத்தில் தலசீமியா உள்ள குடும்பங்கள் அதிகம். மண்ணீரல் வீக்கம் அதற்கும் ஓர் அடையாளம். ஆனால் அதை உறுதி செய்வது இரத்தப் பரிசோதனைதான். மாமன் மகள், மாமி மகன் என்று சொந்தத்துக்குள் கலியாணம் பேசுகிறவர்கள் நிக்காஹுக்கு முன்பே அதைச் செய்துகொள்வது நல்லது.

ஸ்கேனில் எல்லாம் தெரியாது. 1916 முதல் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் ஒழிக்கப் பாடுபட்ட கொழுக்கிப்புழு, மூலம், குடற்புண் எல்லாம் இரத்தத்தைக் குடிப்பவைதான். அவற்றுக்கு வேறு சோதனைகள் உண்டு.

ஸ்கேன் வலிக்காது. அது ஒலி அலைதான். எக்ஸ்ரே கதிர் இல்லை. கர்ப்பப்பையைப் பார்க்க நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிப் போக வேண்டியிருக்கும். ஆகவே நோன்பில்லாத நாளாகக் கேளுங்கள். கலியாணமாகாத பிள்ளைகளுக்கு வயிற்றின் மேலாகவே பார்ப்பார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. கிடைக்காவிட்டால் மஹ்ரமான ஒருவரோடு போய் ஆண் டாக்டரிடம் காட்டவும் தேவைக்கு அனுமதியுண்டு.

போகும்போது மூன்று மாதக் கணக்கை எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை துணி மாற்றினீர்கள். மாதவிடாய் அடியோடு நின்ற உம்மாமார் பிறகு ஒரு துளி கண்டாலும், கணக்கெழுதக் காத்திராமல் அந்த வாரமே போக வேண்டும்.