பின்னால் போய் முன்னேறிய கதை

கார் வைத்திருப்பவனெல்லாம் பணக்காரன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. 2006 மாடல் மாருதி 800. நான் மூன்றாவது ஓனர். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருப் பையன்கள் அதற்கு வைத்த பெயர் 'தள்ளு வண்டி'.

அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அந்தக் காலத்தில் வாடகை அம்பாசடர் ஓட்டியவர். "இன்ஜின் முன்னால, தள்ளுற சக்கரம் பின்னால. அதான்டா காரு. முன்னால இருந்து இழுத்தா அது மாட்டு வண்டி!" என்பார்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, பதினோரு மணிக்கு, அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே கொட்டுகிற மழை. பள்ளம் தோண்டி மூடிய தெரு முழுக்கக் களிமண். ஆட்டோ உள்ளே வர மறுத்துவிட்டது. அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே அப்பாவைப் பின் சீட்டில் சாய்த்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் தெருவைவிட மெயின் ரோடு உயரம். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு வளர்த்திருக்கிறார்கள். அந்த ஏற்றத்தில் வண்டி மாட்டிக்கொண்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, முன்சக்கரம் 'உய்ய்ய்' என்று நின்ற இடத்திலேயே சுற்றியது. சேறு பறந்ததுதான் மிச்சம். பின்னால் அப்பாவின் மூச்சுச் சத்தம். எனக்குக் கை நடுங்கியது.

எதிர்வீட்டு மாமா குடையோடு ஓடி வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ரிடயரானவர். "மிதிக்காதப்பா! கீழ விட்டுத் திருப்பு. ரிவர்ஸ்ல ஏறு. பெரியப்பா, நீங்க முன் சீட்டுக்கு வாங்க!"

பெரியப்பா தொண்ணூறு கிலோ. அந்த எடை குடும்பத்துக்கு உதவியது அன்றுதான். மெதுவாக ரிவர்ஸ் எடுத்தேன். வண்டி முக்கியது, முனகியது... ஏறியே விட்டது!

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா கிளாஸ் எடுத்தார்.

"சக்கரம் சுத்தினா போதாதுப்பா, தரையைப் பிடிக்கணும். மேல பாரம் அமுக்கினாத்தான் பிடிக்கும். உன் வண்டியில இன்ஜினும் கியர் பாக்ஸும் மூக்குல குறுக்கா உட்கார்ந்திருக்கு. அந்த பாரம் முன்சக்கரத்து மேல. அதனால சமதரையில, மழை ரோட்டுல நல்லாப் பிடிக்கும். ஏத்தத்துல பாரம் பின்பக்கம் சாயும். நீ வேற மூணு பேரைப் பின்னால ஏத்திட்டே!"

பி.காம். பாஷையில் சொன்னால், முன் கணக்கிலிருந்த பாலன்ஸ் பின் கணக்குக்கு டிரான்ஸ்ஃபர். செக் கொடுப்பதோ முன்சக்கரம். பவுன்ஸ் ஆகாமல் என்ன செய்யும்? ரிவர்ஸில் ஏறினால் முன்சக்கரம் பள்ளத்துப் பக்கம். பாலன்ஸ் திரும்ப வந்துவிடுகிறது.

"அப்புறம் எதுக்கு மாமா இழுக்குற சக்கரத்தை முன்னால வச்சான்?"

"இடம்! அம்பாசடர்ல இன்ஜின்லேருந்து பின்சக்கரம் வரைக்கும் அடியில நீளமா ஒரு ஷாஃப்ட் ஓடும். இதுல அது கிடையாது. மிச்சமான இடம் ஆளுங்களுக்கு."

வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். அம்பாசடருக்கு அண்ணனான மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டை விற்ற அதே பிரிட்டிஷ் கம்பெனிதான், 1959ல் இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்து, பத்தடி நீளத்தில் நாலு பேர் உட்கார 'மினி'யைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். அதே ஏற்பாட்டோடு 1983 டிசம்பரில் நம்மூருக்கு வந்தது மாருதி 800. வேடிக்கை பாருங்கள், மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் நின்றது ஒரே வருஷத்தில், 2014ல்!

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்ததும் முதல் வார்த்தை: "அம்பாசடரா இருந்தா நேராவே ஏறியிருக்கும்டா."

மாமாவைப் பார்த்தேன். "வாஸ்தவம்தான். பின்னால மூணு பேரு பாரம், தள்ளுறதும் பின்சக்கரம்" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. சண்டை போடுகிற அளவுக்கு அப்பா தேறிவிட்டாரே, அது போதும்.