ஆற்று மணல் நீங்கலாக

எர்ணாகுளம் மாவட்டத்தின் சிறுகனிமங்கள் பற்றிக் கேரளச் சுரங்க, நிலவியல் துறை 2016 நவம்பரில் ஓர் ஆய்வறிக்கை தயாரித்தது. கருங்கல், செம்புரைக்கல், செம்மண், செங்கல் களிமண் என்று இந்த மாவட்டத்து மண்ணிலிருந்து தோண்டி எடுப்பவற்றுக்கெல்லாம் அதில் இடமுண்டு. எது எங்கே கிடைக்கிறது, எந்தத் தாலுகாவில் எத்தனை குவாரி என்று சொல்லும் அந்த அறிக்கையின் தலைப்பிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: ‘ஆற்று மணல் நீங்கலாக’. பெரியாறும் மூவாற்றுப்புழா ஆறும் கடலைத் தேடி வரும் மாவட்டம் இது. வீடு கட்டுகிற யாரும் முதலில் விசாரிப்பது மணலைத்தான். அந்த மணல் இந்தக் கனிமக் கணக்கில் சேரவில்லை.

இதற்குச் சட்டத்தில் ஒரு காரணம் இருக்கிறது. கேரளத்தில் ஆற்று மணலுக்கென்று 2001-ல் தனிச் சட்டம் வந்தது. ஆற்றங்கரைப் பாதுகாப்பு, மணல் வாருதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. அதன்படி மணல் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான நிபுணர் குழுவின் பொறுப்பு. மணல் அள்ளும் ஆற்றுத் துறையை இங்கே ‘கடவு’ என்பார்கள்; ஒவ்வொரு கடவுக்கும் ஒரு கடவுக் கமிட்டி உண்டு. பாலத்திலிருந்து 500 மீட்டருக்குள் அள்ளக்கூடாது, இயந்திரம் இறங்கக்கூடாது, மணல் தணிக்கை நடத்த வேண்டும் என்றெல்லாம் அந்தச் சட்டம் சொல்கிறது. நாட்டிலேயே முன்மாதிரி என்று சொல்லத்தக்க சட்டம்தான். ஆனால் பாறையும் செம்மண்ணும் ஒரு துறையின் ஏட்டில், மணல் இன்னொரு துறையின் ஏட்டில் என்று ஆனதும் இரண்டையும் சேர்த்துப் படிக்க ஆளில்லாமல் போயிற்று. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்றின் மேல் எவ்வளவு பாரம் ஏறும் என்று எந்த ஏடும் சொல்வதில்லை.

இதே மாவட்டத்தில், கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்துபோனால் பழைய பண்டகசாலைகளின் காரை பெயர்ந்த சுவர்களைப் பார்க்கலாம். பூச்சு உதிர்ந்த இடத்தில் செம்புரைக்கல் தெரியும், புழுத் துளைத்தது போன்ற சின்னச் சின்னக் குழிகளோடு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்ணாம்புச் சாந்து. நகத்தால் கீறினால் சாந்துக்குள் வெள்ளை வெள்ளையாகக் கிளிஞ்சல் துணுக்குகள், ஊடே உருண்டு தேய்ந்த மணல். கல் உள்நாட்டு மேடுகளிலிருந்து வந்தது, கிளிஞ்சல் காயலிலிருந்து, மணல் ஆற்றிலிருந்து. எல்லாம் படகேறி வந்தவை. அந்த அறிக்கை பட்டியலிடுவதும் விட்டுவிட்டதும் ஒரே சுவரில் இருக்கின்றன.

சென்ற மழைக்கு முன்பு என் வீட்டுப் பின்சுவரைப் பூச வந்த மேஸ்திரி தென்காசிக்காரர். முப்பது வருடமாகக் கொச்சியில் கொத்து வேலை. வந்திறங்கிய எம்-சாண்டை உள்ளங்கையில் அள்ளித் தேய்த்துக் காட்டினார். “இது பாறைப் பொடிதான் அண்ணாச்சி. ஆத்து மணல்னா உருண்டையா இருக்கும், கரண்டிக்கு வழுக்கிட்டுப் போகும். இது முனை முனையா இருக்கு, தண்ணி கூடக் கேக்கும். ஆனா இப்ப யாரு ஆத்து மணலைக் கண்ணுல பாக்கா?” என்றார். முன்பெல்லாம் காயலோரத்து மணல் வந்தால் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கரித்தால் லோடைத் திருப்பி அனுப்புவார்களாம். இன்றைக்கு அந்தச் சோதனைக்கே வேலையில்லை. கேரளத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகளாகச் சட்டப்படி ஆற்று மணல் வாருவது நின்றுபோயிருக்கிறது.

நிற்க வேண்டி வந்ததற்குக் காரணம் திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையத்தின் கணக்கிலேயே இருக்கிறது. டி. பத்மலால், கே. மாயா முதலியோர் வேம்பநாட்டுக் காயல் பக்கமாக வந்துசேரும் ஆறுகளை ஆராய்ந்து 2008-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆற்றுப் படுகைகளிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 17 லட்சம் டன் மணலும் சரளையும் எடுக்கப்பட்டன. நீரளவு நிலையங்களில் கணக்கிட்ட மணல் வரத்தைப்போல இது ஏறக்குறைய 40 மடங்கு. இருபதாண்டுகளாக ஆற்றின் அடித்தளம் ஆண்டுக்கு 7 முதல் 15 சென்டிமீட்டர் வரை தாழ்ந்துகொண்டே வந்தது என்று அவர்கள் எழுதினார்கள். பெருக்கிப் பார்த்தால் 1.4 மீட்டரிலிருந்து மூன்று மீட்டர். ஒரு தலைமுறைக்குள் ஓர் ஆறு ஆளுயரத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது.

அந்த 40 மடங்கைப் படித்த பிறகு, ஆற்றில் மணல் ‘இருக்கிறது’ என்று யார் சொன்னாலும் எனக்குச் சமாதானம் ஆவதில்லை. மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி கிடங்கில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று எண்ணிவிட்டு அதைத் தன் வருமானம் என்று எழுத மாட்டார். கிடப்பது இருப்பு, வருவது வரவு. மணல் கணக்கில் மட்டும் இருப்பையே வரவாக எழுதிப் பழகிவிட்டோம். படுகையில் கிடப்பதை அளந்து, அதில் ஒரு பங்கை அள்ளலாம் என்று அனுமதி கொடுக்கிறோம். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை அதே குறுக்குவெட்டில் படுகையின் மட்டத்தை அளந்தால்தான் இந்த ஆண்டு ஆறு எவ்வளவு கொண்டுவந்தது என்று தெரியும். அளவுக் கோலும் மட்டக் கருவியும் இருந்தால் செய்யக்கூடிய வேலை. செலவும் பெரிதில்லை.

பெரியாற்றின் வரவு தானாகவும் குறைந்திருக்கிறது. 244 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது, கேரளத்திலேயே நீளமானது. அதன் மேல்தலையில் 1895-ல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தது. அந்தத் தண்ணீரில்தான் தேனியும் மதுரையும் விளைகின்றன. பின்னர் பூதத்தான்கெட்டு, 1976-ல் இடுக்கி. அணை தண்ணீரோடு மணலையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே வரவு குறைந்த அதே காலத்தில்தான் கீழே ஆலுவா, காலடிப் பக்கத்துக் கடவுகளில் இரவும் பகலும் செலவு நடந்தது.

ஆறு தாழ்ந்தால் கடல் உள்ளே வரும். கோடையில் பெரியாற்றில் நீரோட்டம் குறைந்ததும் உப்புத் தண்ணீர், இங்கே ‘ஓரு’ என்பார்கள், மேல்நோக்கி ஏறுகிறது. அதைத் தடுக்கத்தான் பாதாளத்திலும் புறப்பள்ளிக்காவிலும் மதகுகள். மதகை அடைத்தால் உப்பு நிற்கும். ஆனால் ஏலூர், எடையார் தொழிற்சாலைப் பகுதியை ஒட்டிய தண்ணீரும் ஓட்டமில்லாமல் தேங்கும். 2024 மே மாதம் பாதாளம் மதகு திறந்த பிறகு பெரியாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டில் மீன் வளர்த்தவர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள். அதற்குக் காரணம் மணல்தான் என்று நான் சொல்லவில்லை. ஆறு தன் மட்டத்தில் ஓடினால் மதகை நம்பி வாழ வேண்டிய நாட்கள் குறையும் என்றுதான் சொல்கிறேன்.

மட்டாஞ்சேரிக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்கள் குழாயைத் திறந்து பார்க்கட்டும். இந்த ஊரைச் சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் ஒரு துளி இல்லை. கிணறு தோண்டினால் உப்பு. ஆலுவாவிலிருந்து படகில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து விற்ற காலம் உண்டு. அதன் பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆலுவாவுக்கு அருகே சொவ்வரையில் பெரியாற்றுப் பக்கமாகக் கிணறு வெட்டி எர்ணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் குழாயில் தண்ணீர் வந்தது. மணல் ஊடாகக் கசிந்து வந்த தண்ணீர் அது. வடிகட்டும் வேலையை ஆறே செய்து கொடுத்தது. இன்றைக்கு மூவாற்றுப்புழா ஆற்றிலிருந்தும் பாழூரில் ஏற்றி, மரடு வழியாக மேற்குக் கொச்சிக்கு அனுப்புகிறார்கள். 2023 தொடக்கத்தில் பாழூரில் மோட்டார்கள் பழுதானபோது இந்தப் பக்கத்துத் தெருக்களில் டேங்கர் லாரிக்காகக் குடங்களோடு காத்து நின்ற வரிசையை இங்குள்ள யாரும் மறக்கவில்லை. மோட்டாரைப் பழுது பார்க்கலாம். ஆற்றின் அடி போய்விட்டால் அதைப் பழுது பார்க்க ஆள் கிடையாது.

கொச்சி என்ற துறைமுகமே ஆறு கொடுத்ததுதான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துவிட்டு, இங்கே வாய் திறந்ததாம். மணல் இடம் மாறியதால் பிறந்த ஊர் இது. அந்த ஊர்க்காரர்கள் மணலைப் பற்றி அலட்சியமாக இருக்கக் கூடாது.

மணல் நின்றதும் கட்டடம் நிற்கவில்லை. பாறை அந்த இடத்துக்கு வந்தது. மலையாற்றூர், அய்யம்புழா, கோதமங்கலம் பக்கமெல்லாம் பாறைமடைகள், அதாவது கல் குவாரிகள். ஆற்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமூச்சு விடுகிற நாம், அதற்கு ஈடாக எந்த மலை குறைகிறது என்று கேட்பதில்லை. 2020 செப்டம்பரில் மலையாற்றூர் இல்லித்தோட்டில் பாறைமடைக்குச் சொந்தமான கட்டடத்தில் வைத்திருந்த வெடிபொருள் வெடித்து இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். ஒருவர் தமிழ்நாட்டுக்காரர், மற்றவர் கர்நாடகக்காரர். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியதால், கொரோனா விதிப்படி தனிமையில் இருக்க அந்தக் கட்டடத்தில்தான் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். வெடிமருந்துக்குப் பக்கத்தில் மனிதனைப் படுக்க வைத்த கொடுமை அது. நம் வீட்டுச் சுவரில் பூசுகிற பாறைப் பொடிக்கும் அந்த இரண்டு உயிர்களுக்கும் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

தமிழ்நாட்டிலும் நிலைமை மேலல்ல. 2023-ல் அமலாக்கத் துறை கான்பூர் ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கொண்டு மணல் குவாரிகளை அளக்கச் செய்தது. அரசுக்கு வந்த வருவாய் 36.45 கோடி ரூபாய், எடுத்த மணலின் மதிப்போ 4,730 கோடி வரை இருக்கும் என்று அத்துறை சொல்லியது. வழக்கு வழக்காக நடக்கட்டும். அளந்த பிறகுதான் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே முடிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இப்போது கேரள அரசு ஆறுகளில் மணல் தணிக்கை நடத்தி, கடவுகளை மறுபடி திறக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. 2018 வெள்ளம் மணலைக் கொண்டுவந்து கொட்டியது என்பது ஒரு வாதம். வேலையிழந்த கடவுத் தொழிலாளர்களின் பாடு இன்னொரு வாதம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முங்கி முங்கி மணல் அள்ளியே குடும்பம் காத்தவர்கள் அவர்கள். ஆனால் ஒரு வெள்ளம் கொண்டுவந்ததை ஆண்டுதோறும் வரும் வரவாக எண்ணிவிட்டால் பழைய கதைதான் திரும்பும்.

நீதிமன்றம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதைத் தொடர்ந்து 2016 ஜனவரி 15 அறிவிக்கையில் மாவட்ட ஆய்வறிக்கை கட்டாயமானது. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் வழக்கொன்றில் நீதிமன்றம் இன்னும் ஓரடி முன்னே போனது: ஆற்றில் மணல் எந்த அளவுக்குத் திரும்பச் சேர்கிறது என்ற ஆய்வு இல்லாத மாவட்ட அறிக்கையை வைத்து அனுமதி கொடுக்க முடியாது. பத்மலால் குழுவினர் 2008-ல் காட்டிய கணக்கை, பதினேழு ஆண்டுகள் கழித்துச் சட்டம் கேட்கிறது.

அதே 2016 அறிவிக்கையில் இன்னொரு விதி இருக்கிறது. மாவட்ட ஆய்வறிக்கையின் வரைவை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் 21 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வரும் கருத்துகளைப் பரிசீலிக்க வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறிக்கையைப் புதுப்பிக்க வேண்டும். எர்ணாகுளத்துக்கு மணல் அறிக்கை வரும்போது அந்த 21 நாளை வீணாக்க வேண்டாம். காக்கநாட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மலையாளத்தில் எழுத வராதவர்கள் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுங்கள். மூன்றே மூன்று கேளுங்கள்: ஒவ்வொரு கடவிலும் மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த மட்ட அளவுகள் எங்கே? இந்த ஆண்டு ஆறு கொண்டுவந்தது எவ்வளவு? மணலையும் பாறையையும் ஏன் ஒரே அறிக்கையில் வைக்கக்கூடாது?