ஷாப்ளி ஒயினை ரசிக்கலாம். மருந்துன்னு மட்டும் சொல்லாதீங்க

நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருக்கும் பெரியவர். மைன்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சுகர், ஃபேட்டி லிவர் ரெண்டும் உண்டு. இந்தத் தடவை ரிப்போர்ட்டில் லிவர் என்சைம் ஏறியிருந்தது.

"குடிப்பீங்களா ஐயா?"

"சேச்சே, அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர். ராத்திரி ரெண்டு கிளாஸ் ஒயின் மட்டும்தான். பையன் ஃபிரான்ஸ்ல இருந்து வாங்கிட்டு வந்தது. ஹார்ட்டுக்கு நல்லதாமே?"

போட்டோ காட்டினார். ஷாப்ளி. வெள்ளை ஒயின்களில் பேர் பெற்றது.

முதல்ல அதன் பெருமையைச் சொல்லிடறேன். இல்லாட்டி டாக்டருக்கு ருசி தெரியாதுன்னுடுவீங்க.

ஷாப்ளி, பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் வடக்கு ஓரம். ஷார்டனே என்ற ஒரே திராட்சை. நம்ம காலுக்குக் கீழே பழுப்பு நிலக்கரி இருக்கிற மாதிரி, அங்கே சுமார் 15 கோடி வருஷப் பழைய கடல் படிவு. மண்ணைக் கிளறினால் குட்டிச் சிப்பிப் படிமங்கள். குளிர் ஊர் என்பதால் பழுத்த திராட்சையிலும் புளிப்பு தங்கிவிடும்.

லேசாகப் பச்சை ஓடிய வெளிர் மஞ்சள் நிறம். பச்சை ஆப்பிள், எலுமிச்சை, மழையில் நனைந்த கல் மாதிரி வாசனை. இனிப்பு கிடையாது. ஆனா, கல் கரைஞ்சு திராட்சைக்குள்ள வந்துடுச்சுன்னு நினைக்காதீங்க. வேர் கல்லின் வாசனையை உறிஞ்சிக் கொடுக்காது.

குடிச்சதும் தாடை ஓரத்தில் எச்சில் ஊறும். காரணம் டார்டாரிக் அமிலம். நம்ம புளியில் இருக்கிற அதே அமிலம்!

இன்னொண்ணு. ருசின்னு நாம சொல்றதில் பெரும்பகுதி மூக்கு வேலை. ஜலதோஷம் பிடிச்சா சாம்பார் சப்புன்னு இருக்குமே, அதான். ஷாப்ளியை ஐஸ் மாதிரி குளிர வெச்சாலும் வாசனை எழும்பாது.

சரி, ருசி உண்மை. ஹார்ட்டுக்கு நல்லது என்பது?

1991இல் ஓர் அமெரிக்க டிவி நிகழ்ச்சி, கொழுப்பு நிறைய சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவு, சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம்னு பேசியது. உலகமே பிடிச்சுக்கிச்சு. அதுவும் சிவப்பு ஒயின்! தோலோடு நொதிக்க வைப்பது அது. வெள்ளை ஒயினில் தோலை முன்பே எடுத்துடுவாங்க. தோலில் இருக்கிற 'நல்ல' பொருட்களும் அதில் ரொம்பக் குறைவு.

பல பழைய ஆய்வுகளில் ஓர் ஓட்டையும் இருந்தது. உடம்பு கெட்டுப்போய்க் குடியை நிறுத்தினவங்களையும் 'குடிக்காதவங்க' கணக்கில் சேர்த்தாங்க. அதனால் அளவாகக் குடிக்கிறவங்க ஆரோக்கியமா தெரிஞ்சாங்க. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும்னு 1988லேயே வகைப்படுத்தியாச்சு. பாதுகாப்பான அளவுன்னு எதுவும் கிடையாதுன்னு 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிடுச்சு.

இப்ப கணக்கு. 12.5 சதவீத ஒயின், 150 மில்லி கிளாஸ் ரெண்டு. ஆல்கஹால் சுமார் 30 கிராம். 42.8 சதவீத விஸ்கி 90 மில்லியிலும் கிட்டத்தட்ட அதேதான். 750 மில்லி ஒயின் பாட்டிலில் சுமார் 74 கிராம். ஒரு குவார்ட்டர் விஸ்கியில் சுமார் 61.

குவார்ட்டர் அடிக்கிறவரைக் குடிகாரர்னு சொல்றோம். ஒயின் குடிக்கிறவரை டீசன்ட்னு சொல்றோம். லிவருக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. அதுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

அதனால் டாக்டர் "குடிப்பீங்களா"ன்னு கேட்டா ஒயின், பீரையும் சேர்த்துச் சொல்லுங்க. ஃபேட்டி லிவர் இருந்தா ஒரு கிளாஸும் வேண்டாம். குடிக்காதவங்க இதயத்துக்காக ஆரம்பிக்கவே வேண்டாம். தினமும் நிறையக் குடிக்கிறவங்க மட்டும் திடீர்னு நிறுத்தாம, டாக்டரைப் பார்த்துட்டு நிறுத்துங்க.

பெரியவர் முகம் வாடிப்போச்சு. "அப்ப அந்த ருசி, டாக்டர்?"

"வீட்ல ரசம் கொதிக்கிறப்ப பக்கத்துல நின்னு மோந்து பாருங்க ஐயா. அதே அமிலம், அதே மூக்கு. மூணு மாசம் கழிச்சு ரிப்போர்ட்டோட வாங்க" என்றேன்.

சிரிச்சுக்கிட்டேதான் போனார்.