கட்டற்றவர் யார்? கால்பந்துச் சந்தையும் கற்பனை அணிகளும்

கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் ஆட்டப் பருவம் முடிந்ததும் கொச்சியில் இன்னொரு பருவம் தொடங்கிவிடுகிறது. தேவராவின் கல்லூரி விடுதிகள் முதல் கலூர் ஜவாஹர்லால் நேரு அரங்கைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகள் வரை இரண்டு கேள்விகள் உலவுகின்றன. ஒப்பந்தம் முடிந்து, மாற்றுத் தொகையின்றிக் கிடைக்கக்கூடிய முன்கள ஆட்டக்காரர் யார்? அவர் எத்தனை புள்ளிகள் ஈட்டித் தருவார்? முதற்கேள்வி அணி நிர்வாகத்துக்கு உரியது. இரண்டாவது கேள்வி கைப்பேசியில் கற்பனை அணி அமைப்போருக்கு உரியது. இவ்விரண்டும் ஒன்றே என்னும் நம்பிக்கை இன்று ரசிகரிடையே மட்டுமன்றி, விளையாட்டைத் தரவுகளின் வழியே ஆராய்வோரிடமும் வேரூன்றியிருக்கிறது. அது பிழையான நம்பிக்கை. அத்தோடு, உழைப்பவர் போராடிப் பெற்ற ஓர் உரிமையைச் சந்தைச் சரக்கின் விலைச்சீட்டாகச் சுருக்கும் நம்பிக்கையும் ஆகும்.

முதலில் அளவுகோலின் பிழையைக் காண்போம். 2023-24 பருவத்தில் பிளாஸ்டர்ஸின் கிரேக்க முன்கள ஆட்டக்காரர் டிமிட்ரியோஸ் டயமண்டாகோஸ் 13 கோல்கள் அடித்து இந்தியன் சூப்பர் லீக்கின் தங்கக் காலணியை வென்றார். எந்தக் கற்பனை அணியிலும் முதலிடம் பெறத் தகுந்த கணக்கு அது. ஆனால் அதே பருவத்தில், 2023 டிசம்பரில், அணியின் படைப்பாளியான உருகுவே நாட்டு அட்ரியான் லூனா முழங்கால் காயத்தால் விலகினார். ஆண்டு முடிவில் பட்டியலின் உச்சியில் இருந்த அணி, இறுதியில் ஐந்தாம் இடத்துக்குச் சரிந்தது. பந்தைப் பெறுபவரின் கணக்கு ஏறிக்கொண்டிருந்தபோதே அணியின் கணக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பந்தைக் கொடுப்பவரின் இன்மையைப் பதிவு செய்ய அந்த அளவுகோலில் ஒரு கட்டம் கூட இல்லை.

2024 கோடையில் நிகழ்ந்தவை இதை மேலும் தெளிவாக்குகின்றன. ஒப்பந்தம் முடிந்த டயமண்டாகோஸ் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குச் சென்றார். எஃப்.சி. கோவாவில் ஒப்பந்தம் முடிந்த மொராக்கோ நாட்டு நோவா சதாவி கொச்சிக்கு வந்தார். இரண்டு மாற்றங்களும் ரசிகர் கணக்கில் ‘இலவச’ லாபங்களாகக் கொண்டாடப்பட்டன. அடுத்த பருவத்தின் முடிவில் பிளாஸ்டர்ஸ் எட்டாம் இடத்திலும் ஈஸ்ட் பெங்கால் ஒன்பதாம் இடத்திலும் நின்றன. முதல் ஆறு இடங்களுக்குள் இரண்டுமே நுழையவில்லை. கொல்கத்தாவில் டயமண்டாகோஸால் பழைய 13 கோல்களை மீண்டும் எட்ட முடியவில்லை. திறன் ஓராண்டில் மறைந்துவிடவில்லை. அந்தத் திறன் எவருடைய ஓட்டத்தால், எவருடைய கடத்தலால், எந்தப் பயிற்சியாளரின் அமைப்பால் கோலாக மாறியதோ அந்தச் சூழல் உடன் பயணிக்கவில்லை. தனிமனிதரின் தலையில் புள்ளியை எழுதும் முறை, கூட்டு உழைப்பின் விளைவை ஒருவரின் சொத்தாகப் பதிவு செய்கிறது. பிறகு அதையே அவருடைய ‘மதிப்பு’ என்கிறது.

இந்த மதிப்பீட்டில் முற்றிலும் காணாமற்போகிறவர் இந்திய முன்கள ஆட்டக்காரர். லீக் விதிப்படி களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் ஆடலாம். கோல் அடிக்கும் பொறுப்பைப் பெரும்பாலான அணிகள் அவர்களிடமே ஒப்படைக்கின்றன. எனவே இந்திய இளைஞர் ஓரத்தில் ஆடுகிறார், அல்லது கடைசிப் பத்து நிமிடங்களுக்கு அனுப்பப்படுகிறார். நிமிடங்கள் இல்லாதவருக்குப் புள்ளிகள் இல்லை. புள்ளிகள் இல்லாதவரை எவரும் தேடுவதில்லை. அவருடைய ஒப்பந்தம் முடியும்போது அவரும் விதியின் கண்ணில் ‘கட்டற்ற’ ஆட்டக்காரர்தான். ஆனால் அச்சொல் டயமண்டாகோஸுக்குத் தரும் பொருள் வேறு, அவருக்குத் தரும் பொருள் வேறு.

அச்சொல்லின் வரலாறு சந்தையில் பிறந்ததன்று, நீதிமன்றத்தில் பிறந்தது. 1990இல் ஆர்.எஃப்.சி. லீயேஜ் அணியுடன் ஒப்பந்தம் முடிந்த பெல்ஜிய ஆட்டக்காரர் ழான்-மார்க் போஸ்மான் பிரான்சின் டன்கிர்க் அணிக்குச் செல்ல விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவர் மீது உரிமை கொண்டாடிய பழைய அணி மாற்றுத் தொகை கேட்டது. மாற்றம் நின்றுபோனது. ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்வு கரைந்துபோயிருந்தது. இன்று உலகெங்கும் ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் வேறு அணியுடன் பேசலாம் என்றால், அதன் பின்னே ஒரு தொழிலாளியின் ஐந்தாண்டு வழக்கு நிற்கிறது. அந்த உரிமையை ‘அணிக்குச் செலவில்லாமல் கிடைத்த ஆள்’ என்று மொழிபெயர்ப்பது உரிமையாளரின் மொழி. ஆய்வாளர் அதை இரவல் வாங்கிப் பேச வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

கொச்சிக்கு இது அந்நியமான வரலாறும் அன்று. தேவராப் பக்கத்திலிருந்து வெண்டுருத்திப் பாலத்தைத் தாண்டி, வெலிங்டன் தீவைக் கடந்தால் மட்டாஞ்சேரி. அங்கே துறைமுகத் தொழிலாளர் ஒவ்வொரு காலையும் எவருக்கும் கட்டுப்படாத ‘சுதந்திர’ மனிதர்களாகவே கூடி நின்றனர். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சாப்பா எனப்பட்ட உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். முட்டி மோதி அதைக் கைப்பற்றியவருக்கு அன்று வேலை. கிடைக்காதவருக்கு அன்று பட்டினி. அம்முறையை எதிர்த்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரித் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து தொழிலாளர் உயிர் நீத்தனர். ஒப்பந்தமின்மையைச் சுதந்திரம் என்று அழைப்பதன் விலையை அறிய இந்நகரத்தார் வெளியே எங்கும் செல்ல வேண்டியதில்லை.

கோடிகளில் ஊதியம் பெறும் ஆட்டக்காரரைச் சுமைதூக்கும் தொழிலாளியோடு ஒப்பிடலாமா என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்பே. தங்கக் காலணி வென்றவருக்கு முகவர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, வேறு நாட்டுச் சந்தையும் உண்டு. அவர் சாப்பாவுக்காக முட்டி மோதுவதில்லை. ஆனால் லீக் முழுவதும் அவரால் ஆனதன்று. ஓராண்டு ஒப்பந்தத்தில், மாற்று ஆட்டக்காரர் இருக்கையில், ஒரு தசைநார் கிழிந்தால் வாழ்வே முடியக்கூடிய நிலையில் இருப்பவர்களும் சேர்ந்ததே லீக். உச்சியிலுள்ள இருவரின் பேரவலிமையைக் காட்டி அடியிலுள்ளவர்களின் நிலையை மறைப்பதற்கே ‘மதிப்பு’ என்ற ஒற்றை எண் பயன்படுகிறது.

கற்பனை அணி ஆட்டங்களுக்கு ஆதரவாக முன்வைக்கப்படும் வலுவான வாதம் ‘திறன்’ என்பது. அதன் வேர் சென்னையில் இருக்கிறது. 1996இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. குதிரையின் வேகம், வம்சம், ஓட்டுபவரின் ஆற்றல் ஆகியவற்றை எடைபோடுவதும் திறனே என்பது அத்தீர்ப்பின் சாரம். 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ட்ரீம்11 தொடர்பான வழக்கில் இதே வழியில் சென்றது. சட்டத்தின் நோக்கில் இது இசைவான தர்க்கமாக இருக்கலாம். சமூக அறிவியலின் நோக்கில் கேட்க வேண்டியது வேறு. எடைபோடுபவரின் திறனைப் பற்றி இத்தனை நீதிமன்றங்கள் பேசின. எடைபோடப்படுபவரின் நிலையைப் பற்றி அவ்வழக்குகளில் எவர் பேசினார்? குதிரைக்கு ஒப்பந்தம் இல்லை. ஆட்டக்காரருக்கு உண்டு. அந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் இலாயத்தின் தர்க்கம் ஆடுகளத்துக்கு வந்து சேர்ந்தது.

2025 ஆகஸ்டை நினைவுகூர்ந்தால் போதும். அதற்கு முந்தைய மாதம், ஒளிபரப்பு மற்றும் வணிக உரிமை ஒப்பந்தத்தின் எதிர்காலம் தெளிவாகாததால் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டு தொடக்கத்தில் பெங்களூரு எஃப்.சி. தன் முதன்மை அணி ஆட்டக்காரர், பணியாளர் ஆகியோரின் ஊதியத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சென்னையின் எஃப்.சி.யும் அவ்வழியே சென்றது. அதே மாதம் 20, 21 தேதிகளில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இரண்டே நாட்களில் நிறைவேற்றியது. ட்ரீம்11 தன் கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் அடுத்து எவர் பெயர் வரும் என்பது தேசிய விவாதமாயிற்று. ஊதியம் நின்றுபோன கால்பந்து ஆட்டக்காரரின் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பது விவாதமாகவில்லை. பந்தயம் கட்டியவரின் பணப்பையைச் சட்டம் காத்தது. அதை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எவருடைய உடலின் மீது பந்தயம் கட்டப்பட்டதோ, அவருக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

கற்பனை அணிகள் ரசிகரை ஆட்டத்தின் நுட்பத்துக்கு அழைத்துவருகின்றன, பெயர் அறியாத இடப்புறத் தடுப்பாட்டக்காரரையும் அறிய வைக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. பணமின்றி ஆடும் மாணவரிடம் குற்றம் காண்பதும் நோக்கமன்று. அறிமுகமானவரை அறிவது எப்போது என்பதே கேள்வி. ஒருவருடைய கோல் எண்ணிக்கையை இரண்டு தசம இடங்கள் வரை கணிக்கத் தெரிந்தவருக்கு, அவருடைய ஒப்பந்தம் எத்தனை மாதங்களுக்கானது, காயமுற்றால் ஊதியம் தொடருமா, நிலுவைக்கு எங்கே முறையிடுவது என்பவை தெரியாதெனில், அந்தக் கணிப்பை அறிவென்று சொல்வது எளிதன்று.

ஆகவே கல்விப்புலத்தில் இருப்போர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அடுத்த கோடையில் ‘இலவசமாகக் கிடைக்கும்’ முன்கள ஆட்டக்காரர் பட்டியல் சுற்றிவரும்போது, புள்ளிகளுக்கான கட்டத்தின் அருகே வேறு நான்கு கட்டங்களை வரைய வேண்டும்: ஒப்பந்தக் காலம், உறுதியளிக்கப்பட்ட ஊதியம், காயக் காப்பீடு, முறையீட்டு வழி. அணி நிர்வாகங்களிடமும் கூட்டமைப்பிடமும் இவற்றை வெளியிடுமாறு கேட்க வேண்டும். அந்தக் கட்டங்கள் வெறுமையாகவே இருந்தால், அந்த வெறுமையே ஆய்வுக்குரிய தரவு.