காவலூரில் ஒரு பட்டறை நடை வேண்டும்: வானியற்பியல் நிறுவன இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
இந்திய வானியற்பியல் நிறுவனம்,
கோரமங்களா, பெங்களூரு.

பொருள்: காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில், தொலைநோக்கிகளை உருவாக்கிய கைத்தொழிலை விளக்கும் பகல்நேர நடைச்சுற்று.



திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்தை அடுத்து, ஜவ்வாது மலையில் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ளது காவலூர். இங்குள்ள காட்டு நிலத்தில் தங்கள் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இயங்குகிறது. சந்தன மரங்களுக்கு நடுவே நிற்கும் அதன் குவிமாடங்களைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பாடநூல் வழியாக அறிவார்கள். பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் உள்ளே அனுமதித்து, வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் சிறு தொலைநோக்கி வழியே கோள்களையும் விண்மீன்களையும் காட்டும் நல்ல வழக்கமும் இங்கு உண்டு. அந்த வழக்கத்தோடு இன்னொன்றும் சேர வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை. காவலூர் விண்மீன்களைப் பார்க்கும் இடம் மட்டும் அல்ல. விண்மீன்களைப் பார்க்கும் கருவியை நம் நாட்டவர் கையால் செய்து காட்டிய இடமும் ஆகும். அந்தக் கைத்தொழிலை மக்கள் நடந்து சென்று, கண்டு, கேட்டு அறிய ஒரு பகல்நேர நடைச்சுற்று அமைக்கப்பட வேண்டும்.

இத்தகைய நடை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கும்பகோணம் வட்டாரத்துக்குச் செல்பவர்கள் கோயில்களோடு பட்டறைகளையும் பார்த்துத் திரும்புகிறார்கள். சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடியவிட்டு, அது இருந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கும், நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாகசுரமும் உருவாகின்றன. மூன்றும் புவிசார் குறியீடு பெற்ற தொழில்கள். பட்டறையில் அரை நாள் நின்று பார்த்தவர் அடுத்த முறை கோயிலில் ஒரு செப்புத் திருமேனியைக் காணும்போது, அதற்குள் இருந்து வெளியேறிய மெழுகையும் அதைப் பிடித்த விரல்களையும் நினைக்காமல் இருக்க மாட்டார். தொலைநோக்கிக்கும் அந்தப் பார்வை கிடைக்க வேண்டும்.

தொலைநோக்கியின் ஆடியும் பழைய உலோகத் தொழிலின் வழிவந்ததுதான். 1668இல் ஐசக் நியூட்டன் செய்த முதல் எதிரொளிப்புத் தொலைநோக்கியில் இருந்தது கண்ணாடி அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து மெருகேற்றிய உலோக ஆடி. கேரளத்தின் ஆரன்முளையில் இன்றும் கையால் தேய்த்துச் செய்யப்படும் கண்ணாடி அதே இரு உலோகங்களின் கலவை. இரண்டிலும் ஒளி முன்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்புறம் இருப்பதால் ஒளி கண்ணாடியின் தடிமனைக் கடந்து சென்று திரும்ப வேண்டும். தொலைநோக்கி ஆடியில் அதற்கு இடமில்லை. உலோக ஆடி விரைவில் மங்கும், எடையும் மிகுதி என்பதால் 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடியின்மேல் வெள்ளிப் பூச்சும், 20ஆம் நூற்றாண்டில் அலுமினியப் பூச்சும் வந்தன. பொருள் மாறியது, தேய்த்து வடிவம் கொண்டுவரும் தொழில் மாறவில்லை.

தமிழ்நாட்டில் வானாய்வுக் கருவிகளின் வரலாறு கல்லில் தொடங்குகிறது. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி சென்னை எழும்பூரில் சொந்தமாக ஒரு வானாய்வகம் வைத்திருந்தார். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆய்வகம் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. கருவியை அசையாமல் தாங்க அங்கே நிறுத்தப்பட்ட கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிகளில் பொறித்த எழுத்துகளோடு, வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. கருவி கடல் கடந்து வந்தது. அதைத் தாங்கிய கல்லைச் செதுக்கியவை இந்த மண்ணின் கைகள். 1899இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைந்தது. அப்போதும் முக்கியமான கருவிகள் வெளிநாட்டிலிருந்தே வந்தன.

இந்த நிலையை மாற்ற முனைந்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்து, ஹைதராபாத்தில் வளர்ந்து, ஹார்வர்டில் பயின்ற அவர் 1960இல் கோடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். தென்வானம் நன்கு தெரியும் இடத்தைத் தேடி, ஏறத்தாழ 12½ பாகை வட அட்சரேகையில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கோடைக்கானல் ஆய்வக வளாகத்திலேயே உருவான 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 1968இல் இங்கு வானாய்வு தொடங்கியது. நடைச்சுற்றின் முதல் நிறுத்தம் இந்தச் சிறிய தொலைநோக்கியாக இருப்பதே பொருத்தம். பெரிய கருவியைச் செய்யத் துணிந்தவர்கள் கைபழகியது இதில்தான்.

இரண்டாவது நிறுத்தம், ஜெர்மனியின் கார்ல் சைஸ் ஜெனா நிறுவனம் செய்து 1972இல் இங்கு நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி. அதே ஆண்டில், வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அதைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தை இது காட்டியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த வேளையில், கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்தது. அந்த அவதானிப்பில் காவலூரும் பங்குபெற்றது. வெளியிலிருந்து வாங்கிய கருவியை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள், அடுத்ததைத் தாமே செய்ய முற்பட்டார்கள். நிறுவனத்துக்குள்ளேயே 75 சென்டிமீட்டர் தொலைநோக்கி உருவானது. அதையடுத்து வந்தது பெரிய வேலை.

மூன்றாவது நிறுத்தமாகிய 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியே இந்த நடையின் நடுநாயகம். இதன் ஆடிக்குரிய செரோடூர் வட்டு ஜெர்மனியின் ஷாட் நிறுவனத்தில் வார்க்கப்பட்டது. வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் ஏறக்குறைய விரியாத, சுருங்காத பொருள் அது. அந்த வட்டை ஆடியாக்கும் வேலை பெங்களூரில், தங்கள் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில், ஏ. பி. ஜெயராஜன் தலைமையில் நடந்தது. எந்திரப் பகுதிகளை மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ் செய்தது. பாப்பு 1982இல் மறைந்ததால் தொலைநோக்கி நிறைவேறியதை அவர் காணவில்லை. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். 2016இல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி செயல்படத் தொடங்கும் வரை, இந்தியாவின் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கியாக இதுவே இருந்தது.

ஆடி தேய்க்கும் வேலையை நடையில் விரிவாக விளக்க வேண்டும். இரண்டு கண்ணாடி வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இடையில் கார்போரண்டம் தூளும் நீரும் இட்டு, முன்னும் பின்னும் தள்ளி, சற்றுச் சற்றாகத் திருப்பிக்கொண்டே தேய்த்தால், மேல்வட்டு குழியும், கீழ்வட்டு குவியும். எத்தனை தாறுமாறாகத் தேய்த்தாலும் இரு பரப்பும் எல்லாத் திசையிலும் பொருந்த வேண்டியிருப்பதால், கோளத்தின் ஒரு துண்டாகவே அவை அமைகின்றன. பெரிய ஆடிகளுக்குத் தள்ளும் வேலையை எந்திரம் செய்யும். எங்கே, எவ்வளவு நேரம் என்று முடிவு செய்வது தொழிலாளியின் கண்ணும் அனுபவமும்தான். தூள் ஒவ்வொரு படியிலும் நுண்மையாகும். படி மாறும்போது மேசை, கருவி, கை, உடை எல்லாவற்றையும் கழுவியாக வேண்டும். முந்தைய படியின் ஒரே ஒரு பருத்த துகள் எஞ்சினாலும் பரப்பில் கீறல் விழும். பல நாள் உழைப்பு வீணாகும்.

தேய்ப்பு முடிந்ததும் மெருகு. கீல் என்னும் பிசின் பூசிய கருவியின்மேல் சீரியம் ஆக்சைடு குழம்பிட்டு மெருகேற்றுவார்கள். கீல் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். அதன் பதம் பார்த்து வேலை செய்ய வேண்டும். அடுத்து, கோள வடிவத்தைப் பரவளைய வடிவமாக மாற்ற வேண்டும். 2.34 மீட்டர் அகலமுள்ள இந்த ஆடியின் குவியத்தொலைவு ஏறத்தாழ 7.6 மீட்டர். கணக்கிட்டால், நடுவில் அதன் குழிவு நாலரை சென்டிமீட்டர் மட்டுமே. அந்த மென்மையான குழிவு முழுவதும், பிழை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால்தான் விண்மீன் புள்ளியாகத் தெரியும்.

இவ்வளவு நுண்ணிய பிழையைக் கண்டுபிடிக்கும் வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ 1858இல் விளக்கிய கத்திமுனைச் சோதனை அது. ஊசித்துளை வழியே வரும் ஒளி ஆடியில் பட்டுத் திரும்பிக் குவியும் இடத்தில் ஒரு கத்தியின் விளிம்பை மெல்ல நுழைத்தால், பரப்பிலுள்ள மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். சாதாரணக் கண்ணாடியில் சில நொடிகள் விரலை வைத்து எடுத்தால், அந்தச் சூட்டால் எழும் புடைப்பும் தெரியும். ஆகவே ஒவ்வொரு முறையும் மெருகேற்றிய பிறகு, ஆடி ஆறும்வரை காத்திருந்துதான் சோதிப்பார்கள். மெருகு, காத்திருப்பு, சோதனை, மறுபடி மெருகு என்று ஆண்டுக் கணக்கில் இந்த வேலை நீளும்.

தொலைநோக்கியின் தாங்கியும் நின்று பார்க்க வேண்டியது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், தொலைநோக்கி அதே வேகத்தில் எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். அதற்கு அதன் முதன்மை அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். காவலூரில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து 12½ பாகை உயரத்தில்தான் தெரிகிறது. எனவே அந்த அச்சு ஏறக்குறையப் படுத்த நிலையில் உள்ளது. லாடம் போன்ற பெரிய வளையம் பல டன் எடையைத் தாங்கி, சிறு அதிர்வும் இல்லாமல் சுழல்கிறது. ஊரின் அட்சரேகை இரும்பில் வடிக்கப்பட்டிருப்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவர்கூட இங்கே நேரில் புரிந்துகொள்ளலாம்.

நான்காவது நிறுத்தம் அலுமினியப் பூச்சுக்கூடம். தூசியும் ஈரமும் பட்டு ஆடியின் பூச்சு மங்கும்போது, ஆடியைக் கழற்றி, பழைய பூச்சைக் கரைத்து நீக்கி, தூய நீரில் கழுவி, வெற்றிடக் கலத்துக்குள் வைக்கிறார்கள். டங்ஸ்டன் இழைகளில் தொங்கும் அலுமினியத் துண்டுகள் சூடேறி ஆவியாகி ஆடியின்மேல் படிகின்றன. அந்தப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர். 2.34 மீட்டர் ஆடி முழுவதும் படிந்திருக்கும் அலுமினியத்தின் எடையைக் கணக்கிட்டால் ஒரு கிராமை ஒட்டியே வரும். பல டன் கண்ணாடியும் இரும்பும் அந்த ஒரு கிராம் உலோகத்தைச் சரியான வடிவத்தில் ஏந்தி நிற்பதற்காகத்தான்.

இந்தத் தொழில் பழங்கதை ஆகிவிடவில்லை. முப்பது மீட்டர் தொலைநோக்கி என்ற பன்னாட்டுத் திட்டத்தின் முதன்மை ஆடி 492 துண்டுகளால் ஆனது. அவற்றில் ஒரு பகுதியை மெருகேற்றும் பொறுப்பு இந்தியாவுக்கு உண்டு. அதற்கான கூடத்தைத் தங்கள் நிறுவனம் பெங்களூரை அடுத்த ஹோஸ்கோட்டேயில் அமைத்துள்ளது. கோடைக்கானலில் தொடங்கிய கைப்பழக்கம் அங்குவரை நீண்டிருக்கிறது. ஆனால் வைணு பாப்பு தொலைநோக்கியைச் செய்த தலைமுறை பணி ஓய்வு பெற்றுவிட்டது. கீலின் பதம், நிழலைப் படிக்கும் முறை, பெரிய ஆடியைத் தூக்கும் சூட்சுமம் ஆகியவை பெரும்பாலும் ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கற்றவை. ஆய்வுக் கட்டுரைகளில் அவற்றுக்கு இடம் கிடைப்பது அரிது.

ஆகவே தங்கள் கவனத்துக்கு ஐந்து கோரிக்கைகள்.

முதலாவதாக, சனிக்கிழமைப் பிற்பகலில், சிறு குழுக்களாக, மேற்சொன்ன வரிசையில் தமிழ் விளக்கத்தோடு நடைச்சுற்று நடத்தப்பட வேண்டும். ஆய்வு இரவில் நடப்பதால் பகல் நடையால் அதற்கு இடையூறு வராது.

இரண்டாவதாக, நடையின் முடிவில் தேய்ப்பு மேசை ஒன்று வேண்டும். 15 சென்டிமீட்டர் கண்ணாடி வட்டுகள் இரண்டு, கார்போரண்டம் தூள், ஒரு வாளி நீர் போதும். மாணவர் தம் கையால் பத்து நிமிடம் தேய்த்தால், பாடநூலின் குழி ஆடி அவருக்கு மறக்காது.

மூன்றாவதாக, ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் பணியாளர்களின் அனுபவங்களைத் தமிழில் ஒலிப்பதிவு செய்து, அந்தந்த நிறுத்தத்தில் கேட்கச் செய்ய வேண்டும். விஞ்ஞானிகளின் பெயரோடு அவர்களின் பெயரும் பலகையில் இடம்பெற வேண்டும்.

நான்காவதாக, ஜவ்வாது மலையின் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, ஊதியத்தோடு வழிகாட்டிகளாக அமர்த்த வேண்டும். ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர், மலைக் கிராமங்கள் ஆகியவற்றின் அரசுப் பள்ளிகளுக்கு முன்னுரிமை வேண்டும்.

ஐந்தாவதாக, இருளைக் காப்பது பற்றிய விளக்கம் நடையின் பகுதியாக இருக்க வேண்டும். சமவெளி ஊர்களின் விளக்கொளி பெருகப் பெருக மலையின் வானம் வெளுக்கும். தெருவிளக்கைத் தரையை நோக்கி மூடி அமைத்தாலே பெரும்பயன் உண்டு. ஆடியின் உழைப்பைக் கண்டு திரும்பும் மாணவரே தம் ஊரில் இதை எடுத்துச் சொல்லத் தகுந்தவர்.

இவற்றுக்குப் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. கருவிகளும் பாதையும் ஏற்கெனவே இருக்கின்றன. செய்து பழகியவர்களில் பலரிடம் இன்னும் கேட்டறிய முடியும். அந்த வாய்ப்பு கைநழுவும் முன், காவலூரின் பட்டறை நடையைத் தொடங்கி வைக்குமாறு தங்களைத் தமிழ் வாசகர்கள் சார்பில் இம்மடல் கேட்டுக்கொள்கிறது.