பிளஸ் டூ முடிச்சதும் ஓரகடம் கம்பெனியா, புவியியல் பட்டமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஓரகடம் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ஆண்டுதோறும் ஓடும் விவாதம் இது. தெருமுனையிலேயே கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் "நான் புவியியல் படிக்கப் போறேன்" என்று பிள்ளை சொன்னால், "அதைப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். நியாயமான கேள்விதான். பதில் என்ன? பார்க்கலாம்.

ஃபீஸ் எவ்வளவு ஆகும்?

சென்னையில் மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் புவியியல் படிக்கலாம். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் கட்டணம் முடிந்துவிடும். 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்று ஆண்டுக்கு 36,000 ரூபாய். ஆக, ஃபீஸ் பெரிய சுமை இல்லை.

அப்போ உண்மையான செலவு எது?

கைவிட்டுப் போகும் சம்பளம்தான். கம்பெனியில் மாதம் 15,000 ரூபாய் கிடைக்கும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு 5.4 லட்சம். பட்டத்தோடு இரண்டு ஆண்டு பி.எட். சேர்த்தால் 9 லட்சம். வாடகை, கடன், தங்கச்சி படிப்பு என்று இருக்கும் வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையமும் கிடையாது. மெரினா எதிரே இருக்கும் கல்லூரிக்குப் போய்வர, தினமும் பல மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும்.

கம்பெனி வேலை மட்டும் நிரந்தரமா?

அப்படியும் சொல்ல முடியாது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் இன்றும் ஓடுகிறது. ஆனால் 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் வந்த நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. பள்ளிப்படிப்பை முடித்த கையோடு உள்ளே போன ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் மறுபடி வேலை தேட வேண்டி வந்தது. அதனால் சேரும்போதே ஒப்பந்த வேலையா, பயிற்சிக் காலமா, நிரந்தரமா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

புவியியல் பட்டத்துக்கு எங்கே மதிப்பு?

முதல் வழி, ஆசிரியர் பணி. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் தேர்வில் புவியியல் தனிப்பாடம். ஆனால் பி.எட்., தகுதித் தேர்வு, அதன் பிறகு நியமனத் தேர்வு என மூன்று படி ஏற வேண்டும்.

இரண்டாவது, போட்டித் தேர்வு. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். புவியியல் படித்திருந்தால் பொது அறிவுத் தாளில் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். குரூப் 4-க்கு 10-ம் வகுப்பே போதும். அதுக்காக டிகிரி படிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஜிஐஎஸ் எனப்படும் கணினி வரைபடத் துறை, செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வுத் துறை. வரைபடத் தரவுகளுக்கான கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் தளர்த்தியது. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடம் தயாரிக்கலாம். வழி திறந்திருக்கிறது. ஆனால் இங்கே பொறியியல் படித்தவர்களும் போட்டிக்கு வருகிறார்கள். வெறும் பட்டத்தோடு போனால் தொடக்கச் சம்பளம் கம்பெனி சம்பளத்தைத் தாண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தப் பகுதிக்கே இந்தப் படிப்பு தேவைதானே?

தேவைதான். 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதே ஆண்டில் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவிப்பு வந்தது. பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. 2015 வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. எந்த நிலத்தில் ஆலை வரலாம், எந்த ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதெல்லாம் புவியியல் கேள்விகள்தான். ஆனால் ஒரு ஊருக்குத் தேவை இருப்பது வேற, அதுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் எடுப்பது வேற. நகரத் திட்டமிடல் வேலைக்குப் போக விரும்பினால், முதுகலைப் புவியியல் முடித்து, அதற்கு மேல் திட்டமிடல் படிப்பிலும் சேர வேண்டியிருக்கும்.

என்ன முடிவு எடுக்கலாம்?

மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அடுத்து என்ன என்பதற்கு இப்போதே பதில் இருந்தால், புவியியல் நல்ல முதலீடு. "ஏதோ ஒரு டிகிரி" என்று சேர்ந்தால், மூன்று வருஷம் கழித்து அதே கம்பெனி வாசலில் நிற்க நேரலாம்.

சேரும் முன் கல்லூரியில் மூன்று கேள்வி கேளுங்க. ஜிஐஎஸ் ஆய்வகம் இருக்கா? களப்பயணம் கூட்டிட்டுப் போவீங்களா? போன வருஷம் முடிச்சவங்க இப்போ எங்கே இருக்காங்க? சேர்ந்த பிறகு, இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளை முதல் ஆண்டிலிருந்தே பழகுங்க. உங்க ஊர் ஏரியையே வரைபடமாக்கிப் பாருங்க. வேலைக்குப் போகும்போது காட்ட ஏதாவது இருக்கும்.

வீட்டுச் சூழல் இப்போதே சம்பளம் கேட்கிறதா? வேலைக்குப் போவதில் தவறே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த தொலைநிலைப் படிப்பில் பின்னால் சேரலாம். ஷிஃப்ட் வேலையோடு படிப்பது லேசு இல்லை. ஆனால் கதவு மூடிவிடவில்லை.