'முன்னேற்றம் இல்லை' என்று எழுதிய அதிகாரிக்கு

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரி அவர்களுக்கு,

முடிச்சூரை ஒட்டிய அரசுப் பள்ளி ஒன்றில் தாங்கள் ஆய்வு நடத்திச் சென்ற பிறகு, அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் தங்களுக்கு மனு அனுப்பினார்கள். பதில் வரவில்லை. நேரில் வந்து காத்திருந்தார்கள். தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி, மனுவில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு அனுப்பியது. அதற்கும் அதே கதிதான். ஆகவே இந்த மடல் நாலு பேர் படிக்கும்படி அச்சில் வருகிறது. விதிகளைத் தங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவை தங்களுக்கு மனப்பாடம். நடந்ததை மட்டும் சொன்னால் போதும்.

அன்று எட்டாம் வகுப்புக்கு டிராயிங் பீரியட். பகுதிநேர ஓவிய ஆசிரியை பிள்ளைகளை வேப்பமரத்தடியில் அரைவட்டமாக உட்காரவைத்து, எதிரே ஒரு பெஞ்சின் மேல் பச்சை பிளாஸ்டிக் குடம் ஒன்றை வைத்திருந்தார். பிள்ளைகள் குடத்தைப் பார்ப்பதும் நோட்டில் கோடு இழுப்பதும் மறுபடி குடத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். தாங்கள் ஒரு மாணவியின் நோட்டை வாங்கிப் புரட்டினீர்கள். ஐந்து பக்கங்களிலும் அதே குடம். வண்ணம் கிடையாது, பின்னணியில் மரமோ வீடோ கிடையாது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரையவைத்து நேரம் வீணாக்கப்படுகிறது, முன்னேற்றம் இல்லை, இனி சார்ட்டில் உள்ள படங்களைப் பார்த்து வரைந்து வண்ணம் தீட்டப் பழக்க வேண்டும் என்று பதிவேட்டில் எழுதினீர்கள். ஆசிரியையிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஆதாரம் என்று மூன்று பிள்ளைகளின் நோட்டுகளையும் எடுத்துச் சென்றீர்கள்.

அந்த மாணவியின் அம்மா மகள் வரைந்ததையெல்லாம் செல்போனில் படமெடுத்து வைக்கும் பழக்கம் உள்ளவர். அதனால் தாங்கள் புரட்டிய அதே ஐந்து பக்கங்களை இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்க முடிகிறது. தயவுசெய்து கூடவே பாருங்கள்.

முதல் பக்கத்தில் குடத்தின் வாய் முழு வட்டம், அடி நேர்கோடு. வாய் வட்டமானது என்று அவளுக்குத் தெரியும். குடம் சாயாமல் நிற்கிறது, ஆகவே அடி தட்டை என்றும் தெரியும். தெரிந்ததை வரைந்திருக்கிறாள், கண்ணுக்குத் தெரிந்ததை வரையவில்லை. பென்சிலைப் புதிதாகப் பிடிக்கிறவர் ஐம்பது வயதுக்காரராக இருந்தாலும் முதலில் செய்வது இதைத்தான். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது எந்தக் குடத்தின் வாயும் முழு வட்டமாகத் தெரிவதில்லை.

இரண்டாம் பக்கத்தில் வாய் ஒடுங்கி நீள்வட்டமாகிவிட்டது. ஆனால் இரண்டு முனையும் கூர்மையாக நிற்கிறது. அங்கே ஆசிரியை சின்னதாக ஒரு வளைவு போட்டுக் காட்டியிருக்கிறார்: நீள்வட்டத்துக்கு மூலை கிடையாது, முனையிலும் கோடு வளைந்துதான் திரும்ப வேண்டும். அடியில் இருந்த நேர்கோடும் இந்தப் பக்கத்தில் வளையத் தொடங்கியிருக்கிறது. வாயைவிட அடி கூடுதலாக வளைந்திருக்கிறது. அது தவறு அல்ல. தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு வாய் ஏறக்குறையக் கண் மட்டத்தில் இருந்தது, அடி அதற்குக் கீழே இருந்தது. வட்டம் கண் மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு விரிந்து தெரியும்.

மூன்றாம் பக்கத்தில் குடம் தரைக்கு வந்துவிட்டது. வாய் அகலத் திறந்து, உள்பக்கம் கொஞ்சம் தெரிகிறது. அதே குடம், அதே பிள்ளை, ஆனால் வேறு படம். இதற்காகத்தான் குடத்தைப் பெஞ்சிலிருந்து இறக்கிவைத்தார் அந்த ஆசிரியை.

நான்காம் பக்கம் முழுக்க மெல்லிய அளவுக் கோடுகள். முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனியைக் குடத்தின் விளிம்புக்கு நேராகப் பிடித்து, கட்டைவிரல் நகத்தை நகர்த்தி வயிற்றின் அகலத்தை எடுப்பது. அதே அளவைத் திருப்பிப் பிடித்து உயரத்தோடு ஒப்பிடுவது. முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும் என்பதால்தான் கையை நீட்டச் சொல்வார்கள். முதல் மூன்று பக்கங்களிலும் ஒல்லியாக நெடுநெடுவென்று நின்ற குடம் இங்கே தன் உண்மையான பருமனுக்கு வந்திருக்கிறது. நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டு, இடமும் வலமும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்திருக்கிறாள். தப்பிய கோடுகளை அழிக்கவில்லை. அவை பக்கத்திலேயே இருந்தால்தான் சரியான கோடு எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்று தெரியும்.

ஐந்தாம் பக்கம் வராந்தாவில் வரைந்தது. ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம். இங்கே கோடே குறைவு. 2பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்த நிழல்தான் குடத்தை உருட்டி எடுத்திருக்கிறது. கழுத்துக்குக் கீழே கருமை. குடம் தரையைத் தொடும் இடத்தில் அதைவிடக் கருமை. வயிற்றின் நிழல் பக்கத்துக் கீழ் விளிம்பில் மட்டும் மெல்லிய கீற்றாக வெளுப்பு இருக்கிறது. தரையில் பட்டு எழும்பிய வெளிச்சம் அது. அங்கே இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்காத வெளிச்சம். நிழலுக்குள் வெளிச்சம் இருக்க முடியாது என்று மூளை சொல்லும்; கண் இருக்கிறது என்று சொல்லும். அந்தப் பிள்ளை கண்ணை நம்பியிருக்கிறாள்.

இந்த ஐந்து பக்கங்களின் மேல்தான் நீங்கள் 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதினீர்கள்.

பார்த்து வரைவது ஏதோ அந்த ஆசிரியை கண்டுபிடித்த புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் ஓவிய ஆசிரியராக விரும்புகிறவர்கள் எழுதும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் ஒரு பாடம், மாடல் டிராயிங் இன்னொரு பாடம். மாடல் டிராயிங் என்பதே கண்முன் வைத்த பொருளைப் பார்த்து வரைவதுதான். தேர்ச்சி பெறுவதற்காக அரசு கேட்ட வித்தையை வகுப்பில் சொல்லிக்கொடுத்ததற்கு அரசு அலுவலகமே விளக்கம் கேட்கிறது.

விளக்கம் கேட்கப்பட்டவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரை நாள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். அந்தத் தொகை 12,500 ஆவதற்கு 2024 வரை காத்திருந்தார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது என்பதையே ஆண்டுக்கணக்கில் சுமந்தவர்கள். பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்து ஓய்ந்தவர்கள். இப்படிப்பட்டவருக்கு ஒரு மெமோ என்றால் என்ன பொருள் என்று அந்த நாற்காலியில் இருக்கும் உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். அவர் மறுவாரமே குடத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இப்போது சுவரில் சார்ட் தொங்குகிறது. இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு குடிசை, வளைந்து வரும் ஆறு. வகுப்பு முழுவதும் அதையே வரைகிறது, ஒன்றுபோல. முடிச்சூரில் அப்படி ஒரு மலையும் இல்லை, குடிசையும் இல்லை. இங்கே இருப்பவை ஏரிக்கரை, வெளிவட்டச் சாலையின் தூண்கள், ஆம்னி பேருந்துகள், தண்ணீர் லாரி, வாசலில் வரிசையாக நிற்கும் குடங்கள். அவற்றில் ஒன்றைத்தான் அந்த ஆசிரியை பெஞ்சின் மேல் வைத்தார்.

நீங்களும் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் வேலை பார்க்கிறீர்கள். இதே மாவட்டத்தின் மாமல்லபுரத்தில், அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவன் மானை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒழிய அந்தக் கால் அங்கே வந்திருக்காது. இப்படிக் கல்லில் செதுக்கியவற்றைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. நாமக்கல்லில் 1919இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்த ஓவியர் சில்பி, கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களின் முன்னால் உட்கார்ந்து வரைந்தவை ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று வந்தன. அவர் படித்த பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரி. அதே 1850களில் லண்டனில் தொழிலாளர்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த ஜான் ரஸ்கின், 1857இல் வெளியிட்ட தன் பயிற்சி நூலில், தோட்டத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து வரையச் சொல்கிறார். அதை உருண்டையாக வரையத் தெரிந்தவருக்கு எதையும் வரைய வரும் என்பது அவர் கட்சி. முடிச்சூர் ஆசிரியை கல்லுக்குப் பதில் குடம் வைத்தார், அவ்வளவுதான்.

இது ஓவியர்களை உருவாக்கும் வேலை மட்டுமல்ல. அந்த வகுப்பில் எல்லோரும் ஓவியர் ஆகப்போவதில்லை. யாராவது ஒருத்தி நர்ஸ் ஆவாள், ஒருவன் சர்வேயர் ஆவான், இன்னொருவன் வீடு கட்டுவான். தெரியும் என்று நினைப்பதை ஒதுக்கிவைத்து எதிரே இருப்பதைப் பார்க்கிற பழக்கம் அவர்கள் எல்லோருக்கும் வேண்டும். அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்குத் தெரியும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின, தெருவில் படகு வந்தது. தண்ணீர் எங்கே வந்து நிற்கும் என்று தரையைப் பார்க்காமல், காகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். நீங்களும் அன்று வேப்பமரத்தடியில் பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்தீர்கள், நோட்டைப் பார்க்கவில்லை.

பெற்றோர் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பதிவேட்டில் எழுதிய குறிப்பைத் திரும்பப் பெறுங்கள். மெமோவை ரத்து செய்து, அதை அந்த ஆசிரியைக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்வார்த்தை போதாது. டிராயிங் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கக் கூடாது என்று தலைமையாசிரியருக்குச் சொல்லுங்கள். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை, அரசாணை தேவையில்லை. உங்கள் ஒரு கையெழுத்து போதும்; தவறு செய்ததும் ஒரு கையெழுத்துத்தான்.

எடுத்துப்போன மூன்று நோட்டுகளையும் திருப்பிக் கொடுங்கள். அவை அலுவலக ஆதாரம் அல்ல, பிள்ளைகளின் சொத்து. அவற்றுக்கு உரியவர்கள் ஆறாம் பக்கத்தை இன்னும் வரையவில்லை.

இப்படிக்கு,
முடிச்சூர்ப் பெற்றோர் சார்பில்